இருநூற்று எழுபது சி.சி.

செக்காலை ரோட்டில் மூன்றாவது டாக்டர்.
வீங்கிய விரல்களை அவர் மேசைமேல் வைத்தேன்,
பார்க்கவில்லை.
கழுத்துக்குக் கீழே ஒரு கணம், பிறகு கம்ப்யூட்டர்.
“நாப்பத்திமூணு வயசு. எல்லாருக்கும் வர்றதுதாம்மா.
வீட்டுல ஏதும் பிரச்சினையா?”

இருக்கிறது டாக்டர்.
இட்லிக் கொப்பரை மூடி திறக்கக் கை வரவில்லை.
குளியலறை வடிகாலில் தினம் ஒரு பிடி முடி.
மூன்று மணிக்கு மேல் ஆடிட்டர் ஆபீஸில்
எண்கள் இடம் மாறி உட்காருகின்றன.
பள்ளத்தூர் அரிசி மில் கணக்கில்
போன மாதம் ஒரு பூஜ்யத்தைத் தின்றுவிட்டேன்,
இருபது வருடத்தில் முதல் தடவை.

யாரும் என்னைத் தள்ளவில்லை,
அதையும் எழுதிவிடுகிறேன்.
முப்பத்தைந்து வயதில், சீட்டு எடுத்த பணத்தில்,
சென்னைக்குப் போய் வைத்துக்கொண்டது.
பக்கத்துக்கு இருநூற்று எழுபது.
ஆசைதான். ரசீது வைத்திருக்கிறேன்.
வீட்டுக்காரருக்கே பிறகுதான் சொன்னேன்.
கழனிவாசல் தையற்கடை மெகருன்னிசா மட்டும்
டேப்பை இரண்டு தரம் வைத்துப் பார்த்தாள்,
நோட்டில் குறித்துக்கொண்டாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

கானாடுகாத்தானில் சுவரைத் தடவிப் பார்க்க
எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள்.
சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் இழைத்த வழவழப்பு,
முகம் தெரியும்.
உள்ளே செங்கல் உப்புப் பூத்து
என்ன முனகுகிறது என்று
யாரும் காது வைத்ததில்லை.

மதுரையில்:
“ரத்தத்துல ஒண்ணும் இல்லை.
எதையோ படிச்சுட்டு வந்து பயப்படுறீங்க.”
மதுரையிலேயே இன்னொருவர், இரவு ஒரு மாத்திரை,
மனசுக்கு.
சென்னையில், வைத்துவிட்டவரே:
“அருமையா இருக்கு. உடையலை, கசியலை.
எடுத்தா தொங்கிப்போகும், அப்புறம் வந்து அழுவீங்க.
சரி, ஹஸ்பண்ட் ஒத்துக்கிட்டாரா?”
வைக்கும்போது கேட்காத கேள்வி.

சிட்டை எழுதத் தொடங்கினேன்.
தேதி, காய்ச்சல், எந்த மூட்டு, எத்தனை மணி தூக்கம்.
நான் கணக்குக்காரி.
கண்ணீரை நம்பாதவர்கள்
கூட்டல் சரியாக இருந்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு நாள்.
ஒருவர் அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.
வட்டம் இன்னும் இருக்கிறது,
ஆகஸ்ட் ஒன்பதின்மேல்.

திருச்சியில் தில்லைநாயகி,
என் தங்கையைவிடச் சின்னவள், சர்ஜன்.
பக்கம் பக்கமாகப் படித்தாள்.
“எனக்குத் தெரியலை” என்றாள்.
“எடுத்தா எல்லாம் சரியாயிரும்னு எழுதித் தர மாட்டேன்.
ஆகலாம். ஆகாமலும் போகலாம்.
ஆனா உங்களுக்கு வேண்டாம்னா அதுவே காரணம்தான்.”
எட்டுப் பேரில்
தெரியாது என்று சொன்னது இவள் ஒருத்தி.
புதுக்கோட்டையில் ஆரம்பித்த அழுகை
திருமயம் கோட்டை தாண்டியும் நிற்கவில்லை.
பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்,
தூசி என்று நினைத்து.

மயக்கம் தெளிந்ததும் காட்டச் சொன்னேன்.
எவர்சில்வர் தட்டில் இரண்டு,
வெயிலில் கிடந்த நுங்கு மாதிரி, லேசாக மஞ்சள்.
எட்டு வருடம் என்னோடு
பிள்ளையார்பட்டிக்கும் பேங்குக்கும் வந்தவை.
வெறுப்பு வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை. தண்ணீர் கேட்டேன்.

இன்று நாற்பதாவது நாள்.
கொப்பரை மூடி திறந்தது.
இடது கட்டைவிரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.
காய்ச்சல் ஒரு தரம் வந்தது, சிட்டையில் போட்டிருக்கிறேன்.
கணக்கு முடியவில்லை.

ஏழு ரவிக்கையோடு கழனிவாசல் போனேன்.
போட்டிருந்ததே தொளதொளவென்று நின்றது.
மெகருன்னிசா ஸ்டூல் போட்டு ஏறி
மேல்தட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தட்டினாள்.
“ஒங்க பழைய அளவு இருக்குக்கா. அழிக்கலை.”
பக்கத்தை விரலால் தொட்டபடி
என்னை ஒரு தரம் பார்த்தாள்,
முகத்தை.
நோட்டை மூடிவிட்டு டேப்பை எடுத்தாள்.
“இருந்தாலும் புதுசா அளந்துருவோம்.
கைய மெதுவாத் தூக்குங்க.
வலிச்சா சொல்லுங்க.”