கீழ் இடது ஆறு

மேல்விஷாரத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில்
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
ஒரு வாய் வருகிறது,
பாலிதீன் பையில், சீட்டு ஒட்டி:
தில்ஷாத், நாற்பத்தாறு, கீழ் இடது ஆறு,
உலோகத்தின் மேல் பீங்கான், நிறம் ஏ மூன்று.
அவசரம் என்பதற்கு இரண்டு அடிக்கோடு.

தோட்டப்பாளையத்தில்
மாடிப்படிக்குக் கீழே என் லேப்.
என்னிடம் வருவது வாய்கூட இல்லை,
வாய் இருந்துவிட்டுப் போன இடம்.
மேடெல்லாம் பள்ளம், பள்ளமெல்லாம் மேடு.
ஸ்டோன் பவுடரைக் கரைத்து ஊற்றி
முக்கால் மணி பொறுத்தால்
பார்த்தேயிராத ஒருத்தியின் கடைவாய்
உள்ளங்கையில் நிற்கும்,
லேசான சூட்டோடு.

முதல் தொப்பி திரும்பி வந்தது.
"லூஸ், ஜலகண்டேசன்" என்றார் டாக்டர் ஹெப்சிபா.
அந்த அச்சு ஆல்ஜினேட்.
கடல்பாசிக் கூழ்.
காய விட்டால் சுருங்கும்,
ஈரத்துணி அதிகமானால் குடித்து ஊதும்.
கால்மணிக்குள் ஊற்றிவிடு என்பது விதி.
விதிக்குத் தெரியுமா
கத்திரி வெயில்,
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு,
கண்டக்டர் டீ குடிக்க இறங்கும் ஏழு நிமிஷம்?
கூழ் தட்டின் பக்கம் ஒதுங்க
பல்லின் குழி பெருத்துவிட்டது.
நான் அந்தப் பெருத்த பல்லுக்குத்தான்
கச்சிதமாகத் தொப்பி செய்திருந்தேன்.

அடுத்தது சிலிகான்.
வாரக்கணக்கில் அளவு மாறாது என்று டப்பாவில் போட்டிருந்தது.
பிரித்தால் நடுவில் பிசுபிசுப்பு.
உதவிக்கு இருக்கும் பெண்
ரப்பர் கையுறையோடு பிசைந்திருக்கிறாள்;
கையுறையின் கந்தகம் அதை இறுக விடவில்லை.
சீட்டில் எழுதித் திருப்பினேன்:
வெறுங்கை. கழுவிய கை.

மூன்றாவது, பார்க்க அழகான அச்சு.
ஈறு விளிம்பு கோலமாவுக் கோடு மாதிரி.
தொப்பி செய்து அனுப்பினேன்.
"டைட். உட்காரவே இல்லை."

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
அதே பிளாஸ்டிக் தட்டில் புட்டியை அடைத்து
கல் பல்வரிசை ஒன்றின் மேல் அழுத்தினேன்.
வெர்னியர் வைத்தேன்.
அழுத்தும்போது தட்டின் கரைகள் விரிந்தன.
எடுத்ததும் பழையபடி குறுகின,
பல்லின் அகலத்தையும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு.
எதிரில் நிற்கும்வரை நகர்ந்து இடம் கொடுத்து
எழுந்ததும் துண்டு போடுகிறவர்கள் உண்டல்லவா,
அந்த ஜாதித் தட்டு.

மறுநாள் இரும்புத் தட்டோடு நானே பஸ் ஏறினேன்.
"இருக்கு சார் டிராயர்ல," என்றாள் உதவிப் பெண்.
"ஈறுல குத்துதுன்னு கத்துறாங்க, அதான்."

பத்து நாள் கழித்து
நாலாவது தொப்பி உட்கார்ந்தபோது
ஓரமாக நின்றிருந்தேன்.
அவர் பல்லை மூன்று தடவை செதுக்கியவன் நான்;
முகத்தை அன்றுதான் பார்த்தேன்.
நெற்றியில் வியர்வை, விரல் நுனிகளில்
ஷூ கம்பெனிப் பசை.
நீலத் தாளைக் கடித்தார்.
"இன்னும் உசரமா இருக்கு."
டாக்டர் பார்த்தார், நான் பார்த்தேன்,
சரியாகத்தான் இருந்தது.
"இல்லீங்க. ஒரு முடி."
தேய்த்தோம்.
ஒரு முடிதான் இருந்தது.

நாக்கால் துழாவிக்கொண்டே கேட்டார்:
"இதுக்கா நாலு தடவ வரச் சொன்னீங்க?
நாலு அரைநாள் சம்பளம்."
நான் மைக்ரானில் கணக்கு வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை.
டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து
அடுத்த பை:
குல்சார் பாஷா, மேல் வலது நான்கு, அவசரம்.
பிளாஸ்டிக் தட்டு.
அச்சு என்னவோ மிக அழகாக இருக்கிறது.
பவுடர் டப்பாவை மூடிவைத்துவிட்டு
போனை எடுக்கிறேன்.
ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.