மாதிரிக் கையொப்பம்

காசோலை மூன்றாம் முறையும் திரும்பி வந்தது.
கையொப்பம் பொருந்தவில்லையாம்.
ஊத்துக்கோட்டைக் கிளையில் மேலாளர்
என்னிடம் இரண்டு தேசம்மாக்களைக் காட்டினார்.
ஒருத்தி அட்டையில், பிப்ரவரியில் போட்டவள்,
கொம்பை நீட்டி, காலை நிமிர்த்தி,
கஞ்சி போட்ட சேலை மாதிரி விறைப்பாக.
இன்னொருத்தி காசோலையில்,
நாகலாபுரம் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்
ம்-க்குப் புள்ளியை விட்டுவிட்டவள்.

பிப்ரவரியில்தான் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.
இருளருக்காக இருபத்திரண்டு வருஷம் நடந்த சங்கம்.
அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்.
நல்லவர்கள் என்பதால்தான்
எங்களில் ஒருத்தியைக் கேட்க
இத்தனை வருஷம் ஆயிற்றோ என்னவோ.
'பொறுப்பை ஒப்படைக்கிறோம்' என்று
மைக்கில் சொன்ன ஞானசெல்வம் சார்
பீரோ சாவியைச் சட்டைப் பையிலேயே
வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.
மறுநாள் பைக்கில் வந்து தந்தார்.
பாவம், நிஜமாகவே மறந்ததுதான்.

பீரோவில் ஆண்டறிக்கைகள்.
பழைய ஒன்றில் பதினாறாம் பக்கத்தில் நான் இருக்கிறேன்,
அரிசி ஆலைக் களத்தில், இடுப்பில் கொள்ளாபுரி,
கீழே 'மீட்கப்பட்ட பயனாளி'.
பெயர் போடவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நிதி தருகிற இடத்திலிருந்து வந்த அம்மா
போன மாதம் கேட்டார்: பாம்பு பிடிப்பீர்களா?
பாம்பைக் கண்டால் ஓடுவேன்,
ஆடிட்டரைக் கண்டால்தான் நின்று பேசுவேன் என்றேன்.
அவர் நோட்டில் எழுதிக்கொண்டது
வேறு ஏதோ.

இந்தக் காசோலை பதினொரு குடும்பங்களுக்கு.
சத்தியவேடு பக்கத்துச் சூளையிலிருந்து
ராத்திரியோடு ராத்திரியாக ஆரணி ஆற்றில் இறங்கி வந்தவர்கள்.
அக்கரையில் எழுதிய சாதிச் சான்று
இக்கரையில் செல்லாது.
ஆறு மட்டும் அப்படிப் பார்க்கவில்லை,
எல்லாரையும் முழங்கால் வரை நனைத்தது.
இப்போது சங்கத்துக் கூடத்தில் படுத்திருக்கிறார்கள்,
இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல்,
ஒரு கிழவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு.

முன்பென்றால் ஆட்சியருக்கு மனு போகும்,
பதில் வரும் வரை காத்திருப்போம்.
நான் முதலில் அரிசி வாங்கினேன், கடனுக்கு.
மனு அடுத்த நாள்.
'நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே' என்றார்கள் செயற்குழுவில்.
இருக்கிறது.
அந்த நடைமுறை முடியும் வரை
ஆலைக் களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவள் நான்.

மேலாளர் கெட்டவர் இல்லை.
மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.
'பேசாமல் பெருவிரல் வைத்துவிடுங்களேன் அம்மா,
அது மாறவே மாறாது.'

மாறாதுதான்.
இரண்டாயிரம் ரூபாய் முன்பணத்துக்கு
முதலாளியின் தாளில் வைத்ததும் இதே விரல்.
பதினொரு வருஷம்
அது அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

புது அட்டை ஒன்று கொடுங்கள் என்றேன்.
உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.
நின்றபடியே, பஸ்ஸுக்கு ஓடுகிற கையால்,
மூன்று கட்டத்திலும் போட்டேன்.
இனி இதுதான் மாதிரி.
கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
'புள்ளி?'
'நேரம் இருக்கும்போது வைக்கிறேன் சார்.'

பணம் மூன்று மணிக்குக் கிடைத்தது.
அரிசிக்கடையில் எழுபது ரூபாய் கூடப் போட்டிருந்தான்.
மறுபடி போய்
ரோட்டில் நின்று
அரைமணி நேரம் சண்டை.