மூன்று சீட்டு

ஞாயிறு வந்தால் பைசந்தூவில் தேர்தல்.
வெள்ளையா, சிவப்பா, கூட்டணியா என்கிறான்
ரொட்டிக்கடை வாசலில் ரமீரோ, கை நிறையச் சீட்டுகள்.
மூன்றையும் வாங்கிக்கொண்டேன்.
தட்டுக்கு அடியில் விரிக்க நல்ல தாள்.

கேள் தம்பி.
சங்கம் வேண்டும் எனக்கு;
அதன் செயலாளர் செஃபெரினோ வேண்டாம்,
ஆறு மாதக் கடன் பாக்கி.
வரி கட்டுவேன், முணுமுணுத்தபடி.
கியூபாவிலிருந்து வந்தவளுக்கு வேலை கொடுத்தேன்;
அவள் கூலியைக் கூட்டிக் கேட்ட அன்று
என் வாயிலிருந்து வந்தது முதலாளிப் பேச்சு.
அதைப் போர்த்தி மூட
என்னிடம் கொடி இல்லை.

போன முறை நான் தேர்ந்த கட்சி
ஆற்றோரச் சாக்கடையைச் சரிசெய்தது.
இம்முறை அதற்குப் போடமாட்டேன்.
நன்றி வேறு, ஓட்டு வேறு.

"அப்போ நடுவிலா நிற்கிறீர்கள்?"

அடுப்பருகில் நிற்கிறேன்.
நகரு, கருகுகிறது.