ஒரு வாய்க் காற்று

அக்டோபர் பாதி. பனெவேஜிஸில்
நகராட்சி இன்னும் வெப்பத்தைத் திறந்துவிடவில்லை.
மூன்று நாள் தொடர்ந்து பத்து டிகிரிக்குக் கீழே போக வேண்டுமாம்.
இரண்டு நாள் போகும். மூன்றாம் நாள் வெயில் வந்து
கணக்கைக் கலைத்துவிட்டுப் போகும்.
எங்கள் ஐந்து மாடியும் கோட்டு போட்டுக்கொண்டு சூப் குடிக்கிறது.

போதாததற்கு என் பழைய பஸாட்.
முள் சிவப்பை எட்டிப் பார்க்கிறது,
ஹீட்டரோ முகத்தில் பச்சைத் தண்ணீர் தெளித்தாற்போல் ஊதுகிறது.
அடுப்பு கொதிக்க, பக்கத்து அறை உறைய,
என்ன வீடு இது?

போன வாரம் நானேதான் குழாய் மாற்றினேன்.
எண்பது யூரோ மிச்சம் என்று மார் தட்டிக்கொண்டேன்.
புதுக் குழாயோடு ஒரு வாய்க் காற்றையும்
உள்ளே வைத்து மூடியிருக்கிறேன்.
ஸ்வீடனில் லாரி ஓட்டும் ஜிட்ரூனாஸ் போனில் சொன்னான்:
"மெக்கானிக்கிடம் விடு, ஜொலிட்டா."
விடவில்லை.

ஞாயிறு காலை. இஞ்சின் கல்லாகக் குளிர்ந்திருக்கிறது.
சூட்டோடு இந்த மூடியைத் திறந்த ஒருவர்
எங்கள் கேன்டீனில் இடது கையால்தான் கரண்டி பிடிக்கிறார்.

ஹீட்டர் பொத்தானைச் சிவப்பின் கடைசிவரை திருப்பினேன்.
அறுத்த தண்ணீர் பாட்டில் புனலாயிற்று.
இளஞ்சிவப்புத் திரவம், ஜாம் காய்ச்சின வாசனையில்
இறங்கி, நின்று, யோசித்து, இறங்கியது.
பூனையைக் குளியலறையில் பூட்டிவிட்டுத்தான் வந்தேன்.
இது இனிக்குமாம், நக்கினால் செத்துவிடுமாம்.
மேல் ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கி விட்டேன்,
பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுவதுபோல்.
ஒரு குமிழி. இரண்டு.
அப்புறம் பிடிவாதம்.

மூன்றாம் மாடி கின்தௌதஸ் குப்பை கொட்ட வந்தான்.
ஊர் வாத்தியக் குழுவில் டூபா வாசிக்கிறவன்,
திருகு எந்தப் பக்கம் இறுகும் என்றுகூடத் தெரியாது.
"என்ன செய்கிறாய்?"
"தண்ணீருக்குள் இருக்கிற காற்றை வெளியே எடுக்கிறேன்."
சிரித்தான்.
"நான் ராத்திரி முழுக்க
காற்றுக்குள் சேருகிற தண்ணீரை வெளியே கொட்டுகிறேன்."

சாவியைத் திருப்பினேன்.
கேட்காமலே ஏறி, முன்சீட்டில் மண்டியிட்டு
டாஷ்போர்டில் காதை வைத்தான். கண்ணை மூடினான்.
"இங்கே. இந்தப் பெட்டிக்குப் பின்னால்.
கீழ் ஸ்தாயியில் கொப்புளிக்கிறது. சுருதியும் சேரவில்லை."

ஹீட்டரின் வயிற்றில்!
காற்றுக்கு மேலே போகத்தான் தெரியும்.
அதற்கு மேலே ஒரு வாய் இருக்க வேண்டாமா?

இஞ்சினை அணைத்தேன். குப்பைத் தொட்டியோரம் கிடந்த
இரண்டு பலகைகளை நடைபாதை விளிம்பில் சாய்த்து
முன்சக்கரங்களை மெல்ல ஏற்றினேன்.
பின்சக்கரத்துக்குச் செங்கல்.
தண்ணீர் குடித்த கோழிபோல் வண்டி அண்ணாந்தது.
ஹீட்டர் குழாயின் சின்னத் திருகை
அரைச் சுற்று தளர்த்தினேன்.

உஸ்ஸ்.
நுரை. எச்சில் தெறிப்பு. மறுபடி உஸ்.
பிறகு அந்தப் பெரியது
புனலுக்குள், உள்ளங்கை அகலத்தில்,
குளத்து ஆமை தலை நீட்டுவதுபோல் எழும்பி
வெடித்து, என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது.
புனல் ஒரே மடக்கில் அரை லிட்டரைக் குடித்தது.
"அதுதான்," என்றான் கின்தௌதஸ்,
கச்சேரி முடிந்து எழுந்திருப்பவன்போல.

திருகில் குமிழியில்லாமல் நூலாக வந்ததும் இறுக்கினேன்.
மூடி போட்டேன். வண்டியைத் தரைக்கு இறக்கி ஓடவிட்டேன்.
முள் நடுவில் போய் உட்கார்ந்தது.
விசிறி தானே சுற்றி, தானே நின்றது.
அப்போது வந்தது:
விரல்களில், மணிக்கட்டில், சட்டைக் கைக்குள்,
சூடு.

இருவரும் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டோம்.
கண்ணாடியில் தட்டினாள் தரைத்தளத்து லியோகாடியா,
கையில் சூப் கோப்பை.
"வெப்பம் விட்டுவிட்டார்களா?"
"இங்கே மட்டும்."
பின்கதவைத் திறந்து ஏறினாள்.
எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை.
ஒரு பொத்தான் கழற்றினாள்.
யோசித்தாள்.
அடுத்ததையும் கழற்றினாள்.