மூன்று விசில்

ஃபாக்டரியைப் பூட்டி நாற்பத்தோராம் நாள்.
சேரம்பாடிக்கு மேலே
மழை மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா.
நடுவே ஒற்றைக் கல் சுவர்.
யார் இருமினார்கள், யார் யாரை ஏசினார்கள்,
யார் வீட்டுச் சட்டியில் கடுகு வெடித்தது,
எல்லாம் எல்லோருக்கும் தெரியும்.
அதனால்தான்
ஏழு மணிக்குக் குக்கரில் வெறுந்தண்ணீர் ஊற்றி
ஈர மிலாறை ஊதி ஊதி எரித்து
மூன்று விசில் விட்டேன்.
ஒன்று பக்கத்து வீட்டு யோகராணிக்கு.
ஒன்று அதற்கடுத்த வீட்டுக்கு.
மூன்றாவது
தூங்குவதுபோல் படுத்திருந்த பிள்ளைகளுக்கு.

அவர் திருப்பூரிலிருந்து போன் போட்டார்.
முதல் மாசச் சம்பளம்
பிடித்தம் போக பஸ் காசுக்குத் தேறவில்லையாம்.
"சாப்பிட்டாச்சா?"
"இப்பத்தான் விசில் வந்துச்சு."
பொய் இல்லை.

ஐந்தாம் நாள் கதவைத் தட்டினாள் யோகராணி.
குடையை மடக்கவில்லை, உள்ளேயும் வரவில்லை.
"கஞ்சி பொங்காத விசில்
காதைக் கிழிக்கும், தெரியுமா உனக்கு?
எனக்குத் தெரியும்.
இவரு இடுப்பொடிஞ்சு கெடந்த வருசம்
எட்டு நாள் நானும் தண்ணி அவிச்சேன்.
நீ இந்தப் பக்கம்தான இருந்த?"

இருந்தேன்.
கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.
மூன்று எண்ணிவிட்டு
அவர்கள் வீட்டில் சோறு என்று
திரும்பிப் படுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மடுவத்துக்கு வரச் சொன்னாள்.
போகக் கூடாது என்று குளித்தேன்.
போகக் கூடாது என்று தலை வாரினேன்.
போகக் கூடாது என்றே
மஞ்சள் பையை மடித்து இடுப்பில் செருகினேன்.

கொழுந்து நிறுத்த தராசில்
அரிசி நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.
பள்ளிவாசலிலிருந்து ஒரு மூட்டை பருப்பு.
கடைக்கார ஹம்சாக்கா இரண்டு டின் எண்ணெய்,
ஒன்றில் ஏற்கெனவே கொஞ்சம் குறைந்திருந்தது.
யாரோ பிடுங்கி வந்த மரவள்ளி, மண்ணோடு.

பழைய செக்ரோல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார் தவசீலன்.
என்னை எழுத வேண்டாம் என்றேன்.
"பேர் போடாம எப்படி?"
எட்டிப் பார்த்தேன்.
கொடுத்தவர், வாங்கியவர் என்று
அதில் கோடு எதுவும் இல்லை.
எஸ்டேட்டில் ஒரு நாள் வேலைக்கு
பேர் என்றுதான் பேர்.
கிலோ குறைந்தால் அரைப் பேர்.
அன்று எனக்கு
முழுப் பேர் போட்டார்கள்,
வந்து நின்றதற்கு.

"ரேசன் கார்டு எங்க?" என்றாள் பாக்கியவதி.
அப்போதுதான் வாய் வந்தது எனக்கு.
மூவாயிரத்துக்கு, வட்டிக்காரன் மேசையில்.
நாலு பெண்கள் எழுந்தார்கள்.
ஜீப்புக்குக் காசில்லை, நடந்தார்கள்.
யானை நின்ற வளைவில்
முக்கால் மணி நேரம் காத்துக் கிடந்தார்களாம்.
வட்டிக்காரனிடம் என்ன பேசினார்கள் என்று
இன்றுவரை ஒருத்தியும் சொல்லவில்லை.
பொழுது சாய கார்டு வந்தது.
பாக்கியவதியின் ஒரு செருப்பு வரவில்லை.

இன்னும் பூட்டுத்தான் தொங்குகிறது ஃபாக்டரியில்.
செவ்வாய் தவறாமல் குழுக்கடன் தம்பி வருகிறான்.
பத்துப் பேரும் ஒரே வரிசையாய் உட்கார்ந்து
அடுத்த மாசம் என்கிறோம்.
அவனுக்கும் மேலே ஒருவன் இருக்கிறான் போல,
எழுதும்போது கை நடுங்குகிறது.
தேத்தண்ணி கொடுக்கிறோம், சீனி இல்லாமல்.

கார்டு வந்த ராத்திரி
மூடியோரம் கஞ்சி நுரைத்து வழிந்தது.
சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள்.
பாட்டுக் கேட்பவள்போல் நான்
அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
நாலு.

சுவரில் தட்டினாள் யோகராணி:
"எறக்குடி, குழஞ்சிரும்."