கேபின் வைத்த போட்

வாழைச்சேனைத் துறைமுகத்தில்
மூன்று ஆண்கள் எஞ்சினுக்குள் தலையை விட்டு நிற்க,
நான் குனிந்து கேபினுக்குள் போய்
படுக்கையைச் சாணால் அளந்தேன்.
எட்டுச் சாண்.
எண்சாண் உடம்பென்பது அவரவர் கைக்கு.
என் கையால் சதாரூபன் எட்டரை.
முழங்காலை மடக்கித்தான் கிடக்கவேணும்.
வீட்டிலும் அப்படித்தான் கிடக்கிறார்,
பரவாயில்லை.

முப்பத்தாறடி. பதினாலு வருசப் பழசு.
நீர்கொழும்பில் கட்டி, இரண்டு கை மாறி
உதுமாலெப்பை காக்காவிடம் வந்தது.
"கண்ணுக்குள்ள வச்சிருந்தன் தங்கச்சி" என்றார்.
கண்ணுக்குள் டீசல் மணத்தது.
பேட்டரி ஒன்று வயிறு ஊதிக் கிடந்தது.
ஜிபிஎஸ் இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை.
ஐஸ் அறையின் மூடி பிளந்து
ரெஜிபோம் மஞ்சளாய் இளித்தது.
நான் சொல்லச் சொல்ல
ஒரு இலட்சம் இறங்கியது, பிறகு அரை,
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
"என்ன புள்ள, மீனுக்குப் பேசுற மாதிரிப் பேசுறாய்?"
வேறு எதற்கு நான் விலை பேசியிருக்கிறேன்?

கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி.
வெளிப்பக்கம் இல்லை.
அதற்கு விலை குறைக்கக் கேட்கத் தெரியவில்லை.

எங்கள் பழையது பதினெட்டரை அடி.
கூரை கிடையாது. மழையென்றால் மழைதான்,
பனியென்றால் அவர் தலையில் என் பழைய துவாய்.
ஆனால் காலை எட்டுக்கு முன்னே பின்னே
கழிமுகத்தில் அதன் மோட்டார் இருமும்.
நாசிவன்தீவில் நாற்பது மோட்டார் ஓடினாலும்
அந்த இருமல் வேறு.
கேட்டதும் சட்டியை அடுப்பில் வைப்பேன்.
பத்தொன்பது வருசம்.

என் கொடி வங்கிக்குப் போனது.
சங்கக் கடன், அவர் தமையனின் கைமாற்று,
மிச்சத்துக்கு அந்தப் பதினெட்டரை அடியையே
காக்கா எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.
அவருக்குச் சீனி. இடக்காலில் ஒரு விரல் இல்லை.
ஆழ்கடல் வேண்டாமென்று டொக்டர் சொல்லிவிட்டார்.
கரை தெரிகிற தூரம் இனிப் போதுமாம்.

கையெழுத்து வைக்கப் பிறைந்துறைச்சேனைக்குப் போனோம்.
ஆண்கள் முன்னுக்கு நோட்டு எண்ணினார்கள்.
குசினியில் றகுமத்தும்மா தேத்தண்ணி ஆற்றினார்.
"இருவத்தாறு வருசம் புள்ள,
பதினைஞ்சு நாள் கடல், நாலு நாள் கரை.
இனி நாளாந்தம் காலைல வந்து நிப்பாரு.
என்னத்தப் பேசுறண்டு தெரியல்ல."
சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி,
"வந்ததும் பசிக்குமா, குளிச்சிட்டுத்தான் தின்பாங்களா?"
நான் சொன்னேன்: பசிக்கும்.
குளிக்கச் சொன்னால் கோபம் வரும்.
புட்டென்றால் மீன் குழம்பு தண்ணியாக இருக்கவேணும்.
பத்து மணிக்கு நித்திரை. கால் பாய்க்கு வெளியே கிடக்கும்,
மூடக்கூடாது.
பாடம் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நான் கேட்டேன்,
அந்தப் பதினைஞ்சு நாளும் எப்படி என்று.
"முதல் மூணு நாள் சோறு மிஞ்சும்" என்றார்.
"மறுகா அளவு வந்திரும்."

ஓட்டமாவடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஏறியபோது
"இனி நனைய மாட்டன் பாரன்"
என்று காற்றுக்குள் கத்தினார்.
சந்தோசம் முதுகிலேயே தெரிந்தது.
ஓம் என்று நானும் கத்தினேன்.

பங்குனிக் கடைசியில் போனார்கள், ஆறு பேர்.
கேபின் தட்டில் மிளகாய்த்தூள், கொறுக்காய்,
சித்தாலேப்பை, இரண்டு துவாய்.
துவாய் எதற்கென்று கேட்டார்.
கிடக்கட்டும் என்றேன்.

மூன்றாம் நாள், எட்டுக்கு ஐந்து நிமிடம்.
கழிமுகத்தில் அந்த இருமல்.
கையில் மாவோடு வேலி வரைக்கும் போய்விட்டேன்.
நீலத்தில் நான் பூசிய வெள்ளைக் கோடு,
அதற்குப் பின்னால் உதுமாலெப்பை காக்கா.
கை தூக்கினார்.
மாவுக் கையை நானும் தூக்கினேன்.
வேகத்தைக் குறைக்காமல்
பாலத்துப் பக்கம் திரும்பிப் போனது.

உள்ளே வந்து அரிசி அளந்தேன்.
ஒரு சுண்டு போட்டு,
கால் சுண்டைத் திரும்ப வாளிக்குள் கொட்டினேன்.
பகல் சோறு மிஞ்சியது.