விரல் கணக்கு

லிஃப்ட் செத்து நாலு மாதம்.
ஒன்பதாம் மாடிக்கு ஏறி வருகிறவள்
ஐந்தாம் மாடியில் ஒருதரம் நிற்பாள்.
செருப்புச் சத்தம் அங்கே அடங்கி
பிறகு மெதுவாய்த் தொடங்கும்.
வியாழக்கிழமை என்று எனக்குத் தெரிவது அப்படித்தான்.

இருபத்தாறு வருடம் புறக்கோட்டையில் நாட்டாமி வேலை.
வெங்காயம், டின்மீன், சீனி.
முதுகில் சுமந்த சீனி
இரத்தத்துக்குள் இறங்கிவிட்டதாக்கும் என்று
முதல் நாள் பகிடி விட்டேன்.
பஸ்லியா மிஸ் சிரிக்கவில்லை.
சாரத்தைக் கொஞ்சம் தூக்கச் சொன்னாள்.
பெருவிரலுக்குப் பக்கத்து விரல்
கறுத்துக்கொண்டு வந்ததை
முதலில் கண்டவள் அவள்தான்.
நான் அதுவரை குனிந்து பார்த்ததில்லை.

குளிசை ஒழுங்காய்ப் போடுகிறேன் என்றேன்.
கடதாசி உறையைக் கவிழ்த்து
பாயில் பரப்பி எண்ணினாள்.
இருக்க வேண்டியது பன்னிரண்டு.
இருந்தது முப்பத்தொன்று.
"மிச்சம் பிடிக்கிற சாமானா அண்ணன் இது?"

பெரியாஸ்பத்திரிக்கு
விடிய நாலரைக்கு அவளும் வந்தாள்.
துண்டு எடுக்க ஒரு வரிசை
துண்டைக் காட்ட இன்னொரு வரிசை.
முன்பு மூன்று தரம் தனியே போய்
மூன்று தரமும் "ஹெட்ட என்ன" கேட்டுத் திரும்பியவன் நான்.
நாளைக்கு வா என்று சொல்ல
அவர்களுக்கு இரண்டு சொல்.
எனக்கு அது ஒரு நாள் கூலி.
அவள் சண்டை பிடிக்கவில்லை.
என் கொப்பியை விரித்துப் பிடித்தபடி
சிங்களத்தில், தாழ்ந்த குரலில், சொன்னதையே சொல்லி
அந்த வாசலில் நின்றாள்.
நகரவே இல்லை.
மத்தியானம் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார்கள்.

காசு கொடுக்கிற இடத்திலிருந்து
ஒருதரம் இரண்டு பேர் வந்தார்கள்.
அவர்களும் ஐந்தாம் மாடியில் நின்றார்கள்,
கனநேரம்.
திட்டத்தால் என்ன மாற்றம் என்று கேட்டார்கள்.
காலை நீட்டி, பத்து என்றேன்.
விளங்கவில்லை.
எண்ணிப் பாருங்கள், விரல் பத்தும் இருக்கு.
தாளில் 1 என்று எழுதிக்கொண்டார்கள்.
பயனாளி, ஒருவர்.

சித்திரைக்குப் பிறகு அவளுக்குச் சம்பளம் இல்லை.
அவள் சொல்லவில்லை.
என் மனிசி தனபாக்கியம் கண்டுபிடித்தாள்.
செருப்பு வாரில் ஊசி.
எங்கள் வீட்டில் சீனிப் போத்தலை ஒளித்து வைக்கச் சொன்னவள்
தன் பிளேன்ரீக்கு இரண்டு கரண்டி கேட்டாள்.
காலையில் ஒன்றும் சாப்பிடாத ஆள்தான்
அப்படிக் கேட்கும்.

"திட்டம் முடிஞ்சுதாம். புதுசுக்கு எழுதியிருக்காங்களாம்."

பிறகு ஏன் வாறாய் என்று கேட்டாள் தனபாக்கியம்.

"அண்ணன்ட புண் முடியல்லையே."

அந்த மாதச் சீட்டு எங்களுக்கு விழுந்தது.
பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு இரண்டாயிரம்.
அடகில் கிடக்கிற தோட்டை மீட்க
தை மாதத்திலிருந்து தனபாக்கியம் பார்த்திருந்த முறை.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
காசைக் குளிசை உறையில் போட்டு நீட்டினாள்.
பஸ்லியா அதை மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள்.
தனபாக்கியம் கதவை மறித்தாள்.
அவளுக்குப் பின்னால் படிக்கட்டில்
ஏழாம் மாடி மெனிக்கா, மூன்றாம் மாடி பரீனா,
மூச்சுக் காட்டிலே இருமும் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி இன்னொருத்தி.
ஆஸ்பத்திரி வாசலில் இவள் நின்றாளே,
அதே நிலை.

கடன் என்று எழுதினாள்,
என் பிரஷர் எழுதுகிற கொப்பியில்,
பிரஷருக்குப் பக்கத்தில்.

அது ஒரு மாதத்துக்கு.
அடுத்த சீட்டு பரீனாவின் மகனுடைய பள்ளிக்கூடத்துக்கு.
அதற்கடுத்தது யாருடைய வாடகைக்கோ.
வந்தவர்கள் விட்டுப்போன அட்டை
கண்ணாடிக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது.
ஆங்கிலத்தில் ஒரு விலாசம்.
அதை வாசித்துச் சொல்லக்கூடியவளும்
அவள் ஒருத்திதான்.

இன்றைக்கு வியாழன்.
ஐந்தாம் மாடியில் செருப்பு நின்றிருக்கிறது.
இன்னும் தொடங்கவில்லை.